எத்தனை பேரைக் கட்டினோம்?

‘ஆள் பற்றாக்குறை’ என்பது நம் அரசு அலுவலகங்களில் எந்தக் கேள்விக்கும் தயாராக இருக்கும் பதில். அந்தப் பதிலைச் செல்லாது என்று வெளிப்படையாகச் சொல்லும் சட்ட வரிகள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆவது பிரிவில் இருக்கிறது. ஊழியர் குறைவு என்பதை மட்டும் காரணமாக வைத்து எந்த நோயாளியையும் கட்டிப்போடக் கூடாது என்கிறது அது. தண்டிப்பதற்காகவும் கூடாது, பயமுறுத்தி அடக்குவதற்காகவும் கூடாது. இந்த வரியை எழுதியவர்களுக்கு ஒரு மனநல வார்டின் இரவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஒரு செவிலியரும் ஒரு உதவியாளரும் மட்டும் இருக்கும் வார்டில், ஒருவர் கட்டிலைத் தூக்கி எறியத் தொடங்கினால் பேண்டேஜ் சுருளைத் தேடித்தான் கை போகும்.

திருவனந்தபுரத்தில் பேரூர்க்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊளம்பாறை. திருவிதாங்கூர் அரசு 1870இல் தொடங்கிய பைத்தியக்கார ஆஸ்பத்திரி, இப்போது அரசு மனநல மையம். கேரளத்தின் மூன்று அரசு மனநல மையங்களில் மூத்தது இதுதான். மற்ற இரண்டும் திருச்சூரிலும் கோழிக்கோட்டின் குதிரவட்டத்திலும் இருக்கின்றன. நமக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, அப்படித்தான் மலையாளிகளுக்கு ஊளம்பாறை. கேலிக்கும் வசவுக்கும் உதவும் ஊர்ப்பெயர். 1956 வரை நாகர்கோவிலும் தக்கலையும் குழித்துறையும் அந்த ஆட்சிப் பரப்பில்தான் இருந்தன. பெரிய வைத்தியம் என்றால் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறும் வழக்கம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னும் போகவில்லை. ஊளம்பாறையின் மதிலுக்குள் நடப்பதைப் பக்கத்து மாநிலச் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

அந்த மதிலுக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியுலகம் கேட்கத் தொடங்கியதில் ஒரு கவிஞருக்குப் பங்கு உண்டு. சுகதகுமாரி 1980களில் அங்கே போய்ப் பார்த்த காட்சிகள் அவரைத் தூங்கவிடவில்லை. 1985இல் அவர் தொடங்கிய ‘அபயா’ அமைப்புக்கு அந்த மருத்துவமனைதான் காரணம். அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கப் போராடியவர் என்றே தமிழ்நாட்டில் அவரை அறிவோம். காட்டுக்காகக் குரல் கொடுத்த அதே ஆள், யாரும் எட்டிப் பார்க்காத வார்டுகளுக்காகவும் அரசிடம் மல்லுக்கு நின்றார் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அவருடைய போராட்டத்துக்குப் பிறகும் கதை முடியவில்லை. 2012 ஆகஸ்டில், கொல்லம் மாவட்டம் வள்ளிக்காவில் ஒரு பிரார்த்தனைக் கூட்டத்தில் மேடையை நோக்கிப் பாய்ந்ததாகக் கைதுசெய்யப்பட்ட பீகார் மாணவர் ஒருவர் ஊளம்பாறைக்குக் கொண்டுவரப்பட்டார். சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். கைதான நான்காம் நாள் அவர் உயிருடன் இல்லை. உடல் முழுக்கக் காயங்கள் என்றது பிரேதப் பரிசோதனை. காவல் ஊழியர், மருத்துவமனை ஊழியர், சக நோயாளிகள் என்று பலர் மீது வழக்கு பாய்ந்தது. 2022 பிப்ரவரியில் குதிரவட்டத்தில் ஒரு பெண் நோயாளியைச் சக நோயாளி கொன்றார். கேரள உயர் நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஊளம்பாறையில் ஒரு பெண் தலையில் அடிபட்டு இறந்தார். அதுவும் சக நோயாளியின் தாக்குதல் என்று விசாரணையில் தெரிந்தது.

இந்தச் சாவுகள் எதுவும் கட்டிவைத்ததால் நேர்ந்தவை என்று நான் சொல்லவரவில்லை. ஒவ்வொன்றுக்குப் பிறகும் என்ன கோரிக்கை எழுகிறது என்று கவனியுங்கள்: மதிலை உயர்த்து, காவலாளியைக் கூட்டு, கேமரா வை, மூர்க்கமானவரைத் தனியே அடை. வார்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நடந்த சாவுக்கு, பார்த்துக்கொள்ள ஆளே தேவைப்படாத ஏற்பாடுகளைத்தான் தீர்வாகக் கேட்கிறோம். பூட்டு, அறை, கட்டு மூன்றும் ஒரே குடும்பம். இவற்றில் தனியறையில் அடைப்பதை 2017 சட்டம் முற்றாக விலக்கிவிட்டது. சங்கிலியை 95ஆவது பிரிவு எந்த வடிவிலும் கூடாது என்று தடுத்துவிட்டது. மிச்சம் இருப்பது துணிக்கட்டு. அதற்கு மட்டும் நிபந்தனையோடு அனுமதி இருக்கிறது.

<b>கால் மணி நேரமும் அதற்குப் பிறகும்</b>

நிபந்தனைகள் தெளிவானவை. அந்த நொடியில் அவருக்கோ மற்றவருக்கோ வரப்போகும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும் கட்டலாம். சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும். ஆபத்து நீங்கியதும் அவிழ்த்துவிட வேண்டும். எப்படிக் கட்டினார்கள், ஏன், எவ்வளவு நேரம் என்பதை உடனே குறிப்பேட்டில் எழுத வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மாதந்தோறும் எல்லாக் கட்டுகளையும் மனநலச் சீராய்வு வாரியத்துக்கு அறிக்கையாக அனுப்ப வேண்டும்.

முறையாகச் செய்தால் இது ஐந்து பேர் வேலை. கை, காலுக்கு ஒருவராக நான்கு பேர்; தலைமாட்டில் நின்று தலையைத் தாங்கி, நோயாளியிடம் விடாமல் பேசிக்கொண்டிருக்க ஒருவர். என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம், எப்போது அவிழ்ப்போம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், தலைப்பக்கம் சற்று உயர்த்தி. குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை ஊன்றினால் மூச்சு நின்றுபோகும். அப்படிச் செத்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். கட்டுக்கும் தோலுக்கும் இடையே விரல் நுழைய இடம் வேண்டும். விரல் நுனி நீலம் பாரிக்கிறதா, நாடி எப்படி, தண்ணீர் வேண்டுமா, சிறுநீர் கழிக்க வேண்டுமா என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை யாராவது வந்து பார்க்க வேண்டும். அவிழ்க்கும்போதும் ஒவ்வொரு கையாக, ஒவ்வொரு காலாக.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஆள் இல்லாத வார்டில்தான் கட்டு அதிகம் விழும். ஆள் இல்லாத வார்டில்தான் கட்டு ஆபத்தானதும் ஆகிறது. அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரைக் குடிக்கலாம். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர், 2017இல் ஒரு மனநல மருத்துவமனையில் பத்து நாள் கட்டிலோடு கட்டப்பட்டிருந்த பிறகு மாரடைத்து இறந்தார். அமெரிக்காவில் ‘ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட்’ நாளிதழ் 1998இல் நாடு முழுக்கத் தேடி, பத்தாண்டுகளில் கட்டுக்கும் தனியடைப்புக்கும் பலியான 142 பேரின் கணக்கை வெளியிட்டது. பணக்கார நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை இவை. நம் ஊரில் இப்படி ஒரு கணக்கை எந்தப் பத்திரிகையும் எடுத்ததாகத் தெரியவில்லை என்பதால் நம் ஊரில் சாவு இல்லை என்று ஆகிவிடாது.

இங்கே வேலூரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆவேசத்தோடு அவசரப் பிரிவுக்கு வருபவரை எந்த ஊசி பாதுகாப்பாகவும் விரைவாகவும் அமைதிப்படுத்தும் என்பதில், உலகம் முழுக்க மருத்துவர்கள் மேற்கோள் காட்டும் ஆய்வுகளில் இரண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தவை. பிரதாப் தரியனும் சக மருத்துவர்களும் 200 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2004இல் வந்தது. 300 நோயாளிகளை வைத்துச் செய்தது 2007இல். வார்டுகளில் ‘செரினேஸ் - ஃபினெர்கன்’ என்று சொல்லப்படும் ஹாலோபெரிடால் - ப்ரோமெத்தசின் ஜோடி, பழசு, மலிவு, எந்த அரசு மருத்துவமனையிலும் கிடைப்பது. விலை கூடிய புதிய ஊசிக்கு அது சளைக்கவில்லை; புதிய ஊசி போட்டவர்களில்தான் சில மணி நேரத்துக்குள் மறுபடி மருந்து தேவைப்பட்டவர்கள் அதிகம். என் கண்ணில் பட்ட விஷயம் வேறு. இரண்டு ஊசியிலும் கால் மணி நேரத்திலேயே பெரும்பாலான நோயாளிகள் அடங்கிவிட்டார்கள்.

அப்படியானால், ஊசி போடுவதற்காகப் பிடித்துக் கட்டிய முதல் கால் மணி நேரத்துக்கு மருத்துவக் காரணம் சொல்லலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக்கூடச் சொல்லலாம். நான்காவது மணி நேரத்துக்கு என்ன காரணம்? விடியும்வரை கட்டு அவிழாமல் கிடந்தால் அதற்கு என்ன காரணம்? அந்த நேரத்தில் நோயாளி பெரும்பாலும் தூக்கத்தில் இருக்கிறார். அவரைக் கட்டிவைத்திருப்பது நோயின் மூர்க்கம் அல்ல, வார்டின் பயம். விழித்தால் என்ன செய்வாரோ, அப்போது நான் ஒருத்திதானே இருப்பேன் என்ற பயம்.

அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. 2023 மே 10ஆம் தேதி அதிகாலை, கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் வந்தனா தாஸ் என்ற இளம் பயிற்சி மருத்துவரை, போலீஸார் காயத்துக்குக் கட்டுப்போட அழைத்துவந்த ஒருவர் அறுவைக் கத்தரிக்கோலால் குத்தினார். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. கேரள மருத்துவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். மருத்துவ ஊழியர் பாதுகாப்புச் சட்டத்தை அரசு அந்த மாதமே அவசரச் சட்டத்தால் கடுமையாக்கியது. அன்று முதல் கேரளத்தில் எந்த இரவுப் பணி மருத்துவரிடமும் ‘ஏன் கட்டினீர்கள்’ என்று கேட்டால், சட்டப் பிரிவுக்கு முன்னால் அந்தப் பெயர்தான் பதிலாக வரும். மனநோயாளி என்றாலே கொலைகாரர் என்ற பேச்சு தப்பு. மனநோயாளிகள் அடிப்பதைவிட அடிவாங்குவதுதான் அதிகம். ஆனால் மூன்றாம் நாள் குடி இல்லாமல் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தி, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் கழுத்தைப் பிடிக்கும் ஒருவரை, அன்பான வார்த்தை மட்டும் வைத்து நிறுத்த முடியும் என்று வார்டைப் பார்க்காதவர்தான் சொல்வார். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. கட்டாயம் என்பதே எந்த வடிவிலும் கூடாது என்கிறது அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு. அந்த இலக்கை நான் மதிக்கிறேன். இன்றிரவுப் பணியில் இருக்கும் செவிலியரிடம் அதை நீட்டினால், அவர் நம்மை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையும் நியாயம்தான்.

<b>சங்கிலியை ஒழித்தவர்கள்</b>

பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் 1797இல் மனநோயாளிகளின் சங்கிலியை அகற்றியவர் என்று ஃபிலிப் பினெலைப் பாடப்புத்தகங்கள் கொண்டாடுகின்றன. உண்மையில் அதைச் செய்தவர் அங்கே கண்காணிப்பாளராக இருந்த பூசென், பட்டப்படிப்பு எதுவும் இல்லாத மனிதர். பினெல் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். சங்கிலி போன இடத்துக்குக் கைகளைப் பிணைக்கும் கைநீளச் சட்டை வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லண்டனுக்கு அருகே ஹேன்வெல் மருத்துவமனையில் 1839இல் ஜான் கனோலி அதையும் ஒழித்தார். சென்னையில் 1794இல் முதல் மனநோய் விடுதியைத் தொடங்கிய வேலன்டைன் கனோலி வேறு ஆள்; கோழிக்கோட்டுக் கால்வாய்க்குப் பெயர் தந்த கலெக்டர் கனோலி மூன்றாவது ஆள். கனோலிகளுக்கும் நமக்கும் என்னவோ பந்தம்! ஹேன்வெல் கனோலி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: கட்டை எடுத்தால் அந்த இடத்தில் நல்ல, பயிற்சிபெற்ற, போதுமான ஊழியர்களை வைக்க வேண்டும். ஐஸ்லாந்தில் 1930களிலேயே கட்டுப்பட்டைகளை ஒழித்துவிட்டார்கள். அங்கும் அந்த இடத்தை நிரப்பியது மனிதக் கைகள்தான்.

தமிழர்களுக்கு இதில் வேறொரு நினைவும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை பற்றி எரிந்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். அது தர்காவின் பெயரைச் சுற்றி முளைத்த வியாபாரம். டாக்டரோ மருந்தோ அங்கே இல்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. ஆனாலும் 2019 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் ஒரு வழிபாட்டிடத்தில் நோயாளிகள் சங்கிலியில் கிடக்கும் படங்கள் அதே நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஏர்வாடி நம் மனதில் சங்கிலிக்கு எதிரான வெறுப்பை ஆழப் பதித்தது. நல்லதுதான். ஆனால் அந்த வெறுப்பு சங்கிலியோடு நின்றுபோனது. வெள்ளைத் துணியில், அரசு மருத்துவமனையில், டாக்டர் கையெழுத்தோடு கட்டினால் அது சிகிச்சை என்று நாம் திருப்தியடைந்துவிடுகிறோம். கட்டப்பட்டவருக்கு மணிக்கட்டில் உறுத்துவது இரும்பா, பருத்தியா என்ற வித்தியாசம் கொஞ்சம்தான்.

சட்டத்தில் ஓட்டைகளும் இருக்கின்றன. 97ஆவது பிரிவு பேசுவது உடலைக் கட்டுவதையும் தனியே அடைப்பதையும் பற்றி மட்டுமே. ஊசியால் ஒருவரை இரண்டு நாள் படுக்கையில் போட்டுவிட்டால் அது மாத அறிக்கையில் கட்டாக வராது. பொது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், இரவில் குழம்பிப்போய் மூக்குக் குழாயைப் பிடுங்கும் முதியவரின் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியில் கட்டுகிறார்களே, அதை யாரும் எங்கேயும் அறிக்கையாக அனுப்புவதில்லை. என் கணிப்பில், நாட்டில் அதிகம் பேர் கட்டப்படுவது மனநல வார்டுகளில் அல்ல, அங்கேதான். அதைப் பற்றிக் கேட்டால் ‘குழாய்க்காகத்தான் சார்’ என்று முடித்துவிடுவார்கள்.

<b>எண்ணிக்கையை வெளியிடுங்கள்</b>

மாத அறிக்கைக்கு வருவோம். சீராய்வு வாரியத்துக்குப் போகும் அந்தக் காகிதம் வாரியத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை. இங்கிலாந்தில் 2010இல் ஒலசேனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞரை, ஒரு மனநல மருத்துவமனைக்குள் பதினொரு போலீஸார் சேர்ந்து அமுக்கிப் பிடித்ததில் அவர் இறந்தார். பெற்றோர் விடாமல் போராடியதால் 2018இல் மனநலப் பிரிவுகளில் பலப்பிரயோகம் பற்றிய தனிச் சட்டமே வந்தது. அவர் பெயரால் செனி சட்டம் என்றே அழைக்கிறார்கள். எப்போதெல்லாம் பலம் பயன்படுத்தப்பட்டது, யார் மீது, எதனால் என்று ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும், ஆண்டுதோறும் புள்ளிவிவரம் பொதுவெளிக்கு வர வேண்டும் என்பது அதன் உயிர்ப்பகுதி. நம் சட்டம் பதிவு வரைக்கும் வந்துவிட்டது. வெளியிடுவது மட்டும்தான் பாக்கி.

நோயாளியின் பெயர் வேண்டாம். ஊளம்பாறையில் இந்த மாதம் எத்தனை கட்டுகள், எந்த வார்டில், பகலிலா இரவிலா, சராசரியாக எத்தனை மணி நேரம், அப்போது பணியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது போதும். கூடவே, அவசர ஊசிகள் எத்தனை என்ற பத்தியும் வேண்டும். இல்லையென்றால் கட்டைக் குறைத்துக் காட்ட மருந்தைக் கூட்டுவார்கள். பணியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற பத்திதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பகலில் மூன்று கட்டும் இரவில் முப்பது கட்டும் விழுகிற வார்டு ஒன்று இருந்தால், அங்கே இரவில் நோயாளிகளின் நோய் மாறுவதில்லை, ஆள் எண்ணிக்கைதான் மாறுகிறது என்று சட்டசபையில் எழுந்து சொல்ல ஒரு உறுப்பினருக்கு ஆதாரம் கிடைக்கும். செவிலியர் சங்கங்களே இதை முதலில் கேட்க வேண்டும். அவர்களுடைய பணியிடக் கோரிக்கைக்கு இதைவிடப் பலமான சாட்சியம் எங்கிருந்து வரப்போகிறது?

மருத்துவமனை நிர்வாகங்கள் தயங்கும் என்பது தெரிந்ததே. எண்ணிக்கை அதிகம் என்றால் பத்திரிகைகள் கிழித்துவிடும் என்பார்கள். பத்திரிகைக்காரர்களும் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மாதம் நாற்பது கட்டு என்று எழுதும் மருத்துவமனை நேர்மையானதாக இருக்கலாம். ஒன்றுகூட இல்லை என்று எழுதும் மருத்துவமனை, அதிலும் நூற்றுக்கணக்கான படுக்கைகளும் போலீஸ் கொண்டுவரும் நோயாளிகளும் உள்ளது என்றால், வாரியம் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அங்கேதான்.

இன்னொரு பத்தியும் இருந்தால் நன்றாக இருக்கும்: கட்டு அவிழ்ந்த பிறகு நோயாளியோடு உட்கார்ந்து பேசினார்களா? எதனால் ஆவேசம் வந்தது, என்ன செய்திருந்தால் அடங்கியிருப்பீர்கள் என்று கேட்டார்களா? வார்டில் நடக்கும் சண்டைகளில் பாதி, ஒரு பீடிக்காகவோ, வீட்டுக்கு ஒரு போன் பேசவிடாததற்காகவோ, ‘எப்போது டிஸ்சார்ஜ்’ என்ற கேள்விக்கு ஆறாவது முறையும் பதில் வராததற்காகவோ தொடங்குபவை. அதற்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும்; அந்த ஐந்து நிமிடம் உள்ள ஊழியர்தான் இல்லை.

குடும்பங்களுக்கும் ஒரு சொல். நியமனப் பிரதிநிதியாக உங்கள் பெயர் எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொரு கட்டும் ஒரு நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். யாரும் கூப்பிடவில்லை என்றால் நீங்களே வார்டில் போய்க் கேளுங்கள், குறிப்பில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சண்டை போட வேண்டியதில்லை. வீட்டிலிருந்து கையைத் துண்டால் கட்டி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தது நாம்தானே, இனி எந்த வாயால் கேட்பது என்று பலர் கூசிப்போகிறார்கள். கூச வேண்டாம். உங்கள் வீட்டில் அந்த நேரத்தில் டாக்டர் இல்லை, மருந்தும் இல்லை.

கேரள மாநில மனநல ஆணையம் இருப்பதும் திருவனந்தபுரத்தில்தான். முதல் மாதப் பட்டியல் ஊளம்பாறையிலிருந்து வரட்டும். கீழ்ப்பாக்கத்தின் பட்டியலை நாம் கேட்போம்.